பிரம்பு நாற்காலிக்கு மறுவாழ்வு

திருவனந்தபுரத்தின் கோட்டைப் பகுதியிலும் அதனைச் சூழ்ந்த பழைய தெருக்களிலும் உள்ள வீடுகளில், தேக்கிலோ ஈட்டியிலோ சட்டம் அமைத்துப் பிரம்பு பின்னிய நாற்காலிகளை இன்றும் காணலாம். காற்று ஊடுருவும் இருக்கை என்பதால், வெப்பமும் ஈரமும் மிகுந்த இந்நகருக்கு அவை மிகவும் பொருந்தின. இருக்கை கிழிந்ததும் பலர் அவற்றைப் பரணில் ஏற்றிவிடுகின்றனர். அல்லது பழம்பொருள் வாங்குவோரிடம் குறைந்த விலைக்குக் கொடுத்துவிடுகின்றனர். இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நைந்திருப்பது பின்னல் மட்டுமே. சட்டம் இன்னும் ஒரு தலைமுறைக்கு உழைக்கக்கூடும். பழையதை அகற்றிப் புதிதாகப் பின்னிக்கொள்ளும் வகையிலேயே அந்த நாற்காலி அமைக்கப்பட்டுள்ளது.

பிரம்பும் அதன் வரத்தும்

மலையாளத்தில் 'சூரல்' எனப்படும் பிரம்பு, பனைக் குடும்பத்தைச் சேர்ந்த முள்கொடி. மூங்கிலைப் போல் உள்ளே கூடாக இராது. முழுவதும் கெட்டியாக இருக்கும். ஆகவே அது ஒடியாமல் வளையும். மேற்குத் தொடர்ச்சி மலையில் இதன் பல இனங்கள் வளர்கின்றன. அவற்றுள் ஒன்றின் தாவரவியல் பெயரிலேயே திருவிதாங்கூர் இடம்பெற்றுள்ளது. நாற்காலி பின்னப் பயன்படுவது தண்டின் பளபளப்பான மேற்தோலைச் சீவி எடுத்த மெல்லிய பட்டை. உள்தண்டு கூடைகளுக்கும் முடைந்த தட்டுமுட்டுப் பொருள்களுக்கும் உதவும்.

காட்டுப் பிரம்பை வெட்டுவதற்கு வனத்துறையின் கட்டுப்பாடுகள் உண்டு. உலகின் மிகப்பெரிய பிரம்பு உற்பத்தி நாடான இந்தோனேசியா, 2012 முதல் கச்சாப் பிரம்பின் ஏற்றுமதியைத் தடை செய்தது. எனவே நல்ல பட்டை மலிவாகக் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

முதலில் சட்டத்தைப் பார்க்க வேண்டும்

நாற்காலியைக் கவிழ்த்து இருக்கைச் சட்டத்தை நோக்குக. சுற்றிலும் வரிசையாகத் துளைகள் இருந்தால் அது கையால் பின்னப்பட்டது. துளைகளுக்குப் பதிலாக ஒரு காடி மட்டும் ஓடினால், இயந்திரத்தில் நெய்த பிரம்புப் பாயை அதனுள் அழுத்திப் பொருத்தியுள்ளனர் என்று பொருள். இரண்டாவது வகையை விரைவில் சீராக்கலாம். முதல் வகையின் ஓர் இருக்கைக்குத் தேர்ந்த கைவினைஞருக்கும் ஒரு முழு நாளாவது வேண்டும். கூலி வேறுபடுவதன் காரணம் இதுவே. சட்டத்தில் பூச்சி அரிப்போ, மூட்டுகளில் ஆட்டமோ இருந்தால் தச்சரைக் கொண்டு அவற்றை முதலில் சரிசெய்ய வேண்டும். ஆடும் சட்டத்தில் போட்ட பின்னல் நிலைக்காது.

ஏழு படிகள்

பழைய பிரம்பை அறுத்தெடுத்து, துளைகளைத் தூய்மை செய்த பின் பணி தொடங்கும். பட்டையைச் சிறிது நேரம் நீரில் ஊற வைப்பர். ஈரமான பட்டை ஒடியாது வளையும். காயும்போது சுருங்கித் தானே இறுகும்.

முதற்படியில், நடுத்துளையிலிருந்து தொடங்கி முன்பின்னாக இழைகள் ஓட்டப்படும். இரண்டாவதில் அவற்றின் மேல் குறுக்கு இழைகள் அமையும். மூன்றாவதில் மீண்டும் முன்பின் இழைகள். இதுவரை நெசவு இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குதலே. நான்காம் படியில் செல்லும் குறுக்கு இழையே மேலும் கீழுமாக நுழைந்து அனைத்தையும் பிணைக்கிறது. ஐந்தும் ஆறும் மூலைவாட்டு இழைகள். ஐந்தாம் படியின் இழை எந்த இணைகளுக்கு மேலே செல்கிறதோ, ஆறாம் படியின் இழை அவற்றுக்குக் கீழே செல்ல வேண்டும். இம்முறை பிறழ்ந்தால் இழைகள் ஒன்றையொன்று உராய்ந்து விரைவில் அறுந்துவிடும். இறுதிப் படியில், அகன்ற பட்டையொன்று துளைகளை மூடி ஓரமாகக் கட்டப்படும். சரியாகப் பின்னிய இருக்கையில் எண்கோணக் கண்கள் ஒரே அளவில் தெரியும். வேலையை ஏற்றுக்கொள்ளும் முன் நாம் பார்க்க வேண்டிய அடையாளமும் அதுவே.

பராமரிப்பு

இருக்கை சற்றுத் தொய்ந்தால், வெந்நீரில் நனைத்த துணியால் அடிப்புறத்தைத் துடைத்து, இரவு முழுவதும் எவரும் அமராமல் உலர விடுக. பெரும்பாலும் அது மீண்டும் இறுகும். மழைக்காலத்தில் சுவரை ஒட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். கடும் வெயிலில் வைத்தால் பட்டை வறண்டு வெடிக்கும். பிரம்பின் மீது ஏறி நிற்பதையும் முழங்காலை ஊன்றுவதையும் தவிர்க்க வேண்டும். ஓர் இழை அறுந்தவுடனேயே கைவினைஞரிடம் காட்டுவது நன்று. பாரம் பக்கத்து இழைகளின் மேல் விழுவதால் கிழிசல் விரைந்து பரவும்.

கைவினைஞருக்கு ஒரு சொல்

இத்தொழில் விரல்களின் உணர்வால் நடப்பது. ஆதலால் பார்வையற்றோருக்கான பயிற்சி நிலையங்களில் நாற்காலி பின்னல் நெடுங்காலமாகக் கற்பிக்கப்பட்டு வருகிறது. எனினும், வேலை தொடர்ந்து கிடைக்காவிடில் கற்றவரும் வேறு பிழைப்பைத் தேடுவர். பின்னுவோர் இல்லாத ஊரில், விலைமதிப்புள்ள ஈட்டிச் சட்டமும் விறகாகிவிடும்.

2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட பிரதமரின் விஸ்வகர்மா திட்டத்தில் 18 தொழில்கள் இடம்பெற்றுள்ளன. தச்சரும், கூடை, பாய் முடைவோரும் அவற்றுள் அடங்குவர். தகுதியுடையோருக்குப் பயிற்சிக் காலத்தில் நாளொன்றுக்கு ரூ.500 உதவித்தொகையும், கருவிகளுக்கு ரூ.15,000 வரையும் வழங்கப்படும். பிணையின்றி முதற்கட்டமாக ரூ.1 லட்சமும், அதனை முறையாகத் திருப்பிச் செலுத்தியோருக்கு உரிய நிபந்தனைகளின்படி ரூ.2 லட்சமும் 5 விழுக்காடு வட்டியில் கடனாகக் கிடைக்கும். பதிவைப் பொதுச் சேவை மையத்தில் செய்துகொள்ளலாம். தமது வேலை எந்தப் பிரிவில் அடங்கும் என்பதை அங்கேயே கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

பரணில் நாற்காலி வைத்திருப்போர் செய்ய வேண்டியது எளிது. அதனை இறக்கித் துடைத்து, அடிச்சட்டத்தைப் பார்த்து, அருகில் பின்னுவோர் எவர் என்று விசாரிக்கலாம். வீட்டிற்கு ஓர் இருக்கை திரும்பக் கிடைக்கும். ஒரு தொழிலாளிக்கு ஒரு நாள் வேலையும் கிடைக்கும்.