ராணியின் ஊதா உடையும் காளஹஸ்தியின் கறுப்பு மையும்

"தாத்தா, விக்டோரியா காலத்து உடைகளைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள்" என்று போன மாதம் என் பேத்தி வந்து நின்றாள். டிப்ளமோ படித்துவிட்டு ஆயுள் முழுக்கத் தண்டவாளம் பார்த்தவனுக்கு ராணியின் பாவாடையைப் பற்றி என்ன தெரியும்? யோசித்தபோது ஏர்பேடு நினைவுக்கு வந்தது.

ரேணிகுண்டாவுக்கும் காளஹஸ்திக்கும் நடுவே உள்ள சிறிய ஸ்டேஷன் ஏர்பேடு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தப் பகுதியின் ரயில் பாதைப் பராமரிப்பு என் பொறுப்பில் இருந்தது. ஓய்வு கிடைத்தால் காளஹஸ்தீஸ்வரரைத் தரிசிக்கப் போய்விடுவேன். அப்படிப் போன ஒரு நாள் கலம்காரி வரையும் பெரியவர் ஒருவரின் திண்ணையில் உட்கார நேர்ந்தது. நான் ரயில்வேக்காரன் என்று தெரிந்ததும் தெலுங்கு கலந்த தமிழில், "சார், துருப்பிடிச்ச ஆணி கிடைக்குமா?" என்றார்.

"அது அரசாங்கச் சொத்து. ஒன்றுகூடத் தர முடியாது" என்றேன் விறைப்பாக.

சிரித்துக்கொண்டே மூலையிலிருந்த பானையைத் திறந்து காட்டினார். பழைய இரும்பும் வெல்லமும் தண்ணீரில் பல நாட்களாக ஊறிக்கொண்டிருந்தன. அதுதான் அவருடைய கறுப்பு மை! கடுக்காயிலும் எருமைப்பாலிலும் தோய்த்த துணியில் மூங்கில் எழுதுகோலால் அதைத் தீட்டுகிறார்கள். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் கூடி அழியாத கறுப்பாகிறது. பாலின் கொழுப்பு மையைப் பரவவிடாமல் தடுக்கிறது. எங்களுக்கு எதிரியான துரு, அவருக்குச் சோறு போட்டது.

இதற்கும் விக்டோரியா ராணிக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? 1856 ஜூலை முதல் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. அதே ஆண்டில், எஃகு வளையங்களால் ஆன கூண்டின்மேல் குடைபோல் விரியும் பாவாடைக்கு ஐரோப்பாவில் காப்புரிமை வாங்கினார்கள். ஒரு பாவாடைக்கே பல கஜம் துணி வேண்டும். அதே 1856-இல் லண்டனில் வில்லியம் பெர்க்கின் என்ற பதினெட்டு வயது மாணவர், மலேரியாவுக்கான குயினைனைச் செயற்கையாகச் செய்யப் போய், தற்செயலாக ஊதாச் சாயம் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1858 ஜனவரியில் மூத்த மகளின் கல்யாணத்துக்கு ராணியே ஊதா உடுத்தினார். பிறகு கேட்க வேண்டுமா? நாகரிகப் பெண்கள் அந்த நிறத்துக்காகப் பறந்தார்கள்.

ஊதாவோடு போகவில்லை. சாயவேரின் சிவப்பை 1868-இல் ஜெர்மானியர்கள் செயற்கையாகச் செய்தார்கள். அவுரியின் நீலமும் 1897-இல் தொழிற்சாலைச் சரக்காகக் கடைக்கு வந்தது. மான்செஸ்டர் துணியும் ரசாயனச் சாயமும் கப்பலில் வந்து, ரயிலில் ஏறி, நம் சந்தைகளுக்குப் போயின. 1862-இல் ரேணிகுண்டாவை எட்டிய என் ரயிலுக்கும் அந்தப் பாவத்தில் பங்கு உண்டு. கோயில்களுக்கு ராமாயணமும் பாரதமும் தீட்டித் தந்த காளஹஸ்திக் குடும்பங்கள் பிழைப்புக்கு வேறு வழி தேடின. அக்காலத்துக் காளஹஸ்தித் துணிகளை இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம் என்பதுதான் வேடிக்கை!

அழியும் நிலையிலிருந்த கலைக்கு, கமலாதேவி சட்டோபாத்யாயின் முயற்சியால் 1957-இல் காளஹஸ்தியில் தொடங்கிய பயிற்சி மையம் உயிர் கொடுத்தது. அந்த மரபில் வந்த குருப்ப செட்டி 2008-இல் பத்மஸ்ரீ பெற்றார்.

பேத்தியிடம் இத்தனையும் சொன்ன நான் ஒன்றை மட்டும் மறைக்கப் பார்த்தேன். அன்று அந்தத் திண்ணையில் ஒரு துணி வாங்கினேன். ஸ்வர்ணமுகி ஆற்றில் அலசி, வெயிலில் உலர்த்தி, மறுபடி தீட்டி என்று நாள்கணக்கில் உழைத்த துணி. பெரியவர் சொன்ன விலையில் பாதிக்குப் பேரம் பேசினேன். "கடையில் அச்சடித்தது இதைவிட மலிவு" என்று வேறு சொன்னேன். பதில் பேசாமல் மடித்துக் கொடுத்தார். கடைசியில் இதையும் பேத்தியிடம் சொல்லிவிட்டேன். "அப்போ நீங்களும் விக்டோரியா காலம்தான் தாத்தா" என்றாள்.

அன்பர்களே, அடுத்த முறை திருப்பதிக்குப் போகும்போது காளஹஸ்திக்கு அரை நாள் ஒதுக்குங்கள். கையால் வரைந்த துணியில் கோட்டின் தடிப்பு இடத்துக்கு இடம் மாறும். இரண்டு மயில்கள் ஒரே அச்சாக இருக்காது. பார்த்து வாங்குங்கள். பேரம் மட்டும் பேசாதீர்கள்.