நீங்களும் கவுன்சிலர் ஆகலாம்!

திண்டுக்கல்லில் எந்தத் தெருக் குழாயடிக்கு வேண்டுமானாலும் தண்ணீர் வருகிற நேரத்தில் போய்ப் பாருங்கள். குடங்கள் வரிசையாக நிற்கும். தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், எந்த வீட்டில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள், எந்தச் சாக்கடை எத்தனை நாளாக அடைத்துக் கிடக்கிறது, எந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை – எல்லாம் அங்கே நிற்கிற பெண்களுக்கு மனப்பாடம். ஆபீஸ் ஃபைல்களைப் புரட்டினால்கூட இவ்வளவு சுத்தமாக விவரம் கிடைக்குமா என்பது சந்தேகந்தான்.

"இதையெல்லாம் யாராவது போய்க் கேட்கணும் அக்கா" என்பாள் ஒருத்தி. "ஆமாம், யாராவது கேட்கத்தான் வேணும்" என்பாள் இன்னொருத்தி. குடம் நிரம்பியதும் இருவரும் வீட்டைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

அந்த 'யாராவது' நீங்களாகவே இருந்தால் என்ன?

"நானா? தேர்தலுக்கா? நல்ல கூத்து!" என்று சிரிக்காதீர்கள். சட்டம் உங்களுக்காக இலை போட்டு வைத்திருக்கிறது. உட்காருவதற்குத்தான் ஆள் வேண்டும். ஸ்தல ஸ்தாபனங்களில் மூன்றில் ஒரு பங்கு இடமாவது பெண்களுக்கு என்று 1993-ல் அரசியல் சட்டத் திருத்தம் அமலுக்கு வந்தது. தமிழ்நாட்டில் 2016-ல் அதைச் சரிபாதியாக உயர்த்தினார்கள். சட்டம் வந்ததே தவிர, அந்த வருஷம் தேர்தல் நடக்கவில்லை. அக்டோபரில் ஓட்டுப் போடவேண்டியது. மனுத் தாக்கல்கூட ஆகியிருந்தது. அதற்குள் சென்னை உயர் நீதிமன்றம் அறிவிப்பையே ரத்து செய்துவிட்டது. அப்புறம் 2022 வரை நகரங்களில் கவுன்சிலர் என்று ஒருவரும் இல்லை. தனி அதிகாரிகள்தாம் நிர்வாகம். குழாயில் தண்ணீர் வராவிட்டால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் ஐந்து வருஷத்துக்கு மேல் ஓடிற்று. கவுன்சிலர் இருந்தால் மட்டும் என்ன கிழித்துவிடுகிறார் என்று அலுத்துக் கொள்கிறவர்கள், அந்த ஐந்து வருஷத்தை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கடைசியில் 2022 பிப்ரவரி 19-ந் தேதி, 21 மாநகராட்சிகள், 138 நகராட்சிகள், 489 பேரூராட்சிகளுக்கு ஒரே நாளில் ஓட்டுப் பதிவு நடந்தது. 1866-ல் முனிசிபாலிடி ஆன திண்டுக்கல், 2014-ல் மாநகராட்சி ஆகியிருந்தது. அதன் மேயர் நாற்காலியும் அந்தத் தடவை பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. மார்ச் 4-ந் தேதி கவுன்சிலர்கள் கூடி இளமதியை மேயராகத் தேர்ந்தெடுத்தார்கள். அதே நாளில் சென்னையில் மேயர் அங்கி அணிந்த பிரியாவுக்கு வயது 28. சென்னைக்கு 1957-லேயே தாரா செரியன் என்ற பெண்மணி மேயராக இருந்தார் என்பது உங்கள் பாட்டிக்கு ஞாபகம் இருக்கலாம். அன்றைக்கு அது ஊரே வியந்த அதிசயம். இன்றைக்கு அப்படியில்லை.

சரி, எப்படி நிற்பது?

வயது 21 நிறைந்திருக்க வேண்டும். சட்டசபைக்கு 25 ஆகவேண்டும். இங்கே 21 போதும். உங்கள் பெயர் அந்த நகரத்தின் வாக்காளர் பட்டியலில் இருக்கவேண்டும். எந்த வார்டில் ஓட்டு இருந்தாலும், அதே ஊரின் வேறு வார்டிலும் நிற்கலாம். ஆனால் உங்களை முன்மொழிகிறவருக்கு நீங்கள் நிற்கிற வார்டிலேயே ஓட்டு இருக்கவேண்டும். நிற்கலாம் என்பதற்காக வேறு வார்டில் போய் நின்றுவிடாதீர்கள். 2021 அக்டோபரில் கோயமுத்தூர் பக்கம் குருடம்பாளையம் ஊராட்சியில் ஒருவர் வார்டு இடைத்தேர்தலில் நின்றார். அவருக்கு விழுந்தது ஒரே ஓட்டு. வீட்டு ஜனங்களின் ஓட்டெல்லாம் இன்னொரு வார்டில் இருந்ததாம். நாடெல்லாம் சிரித்தது. பாவம், அந்த ஒரு ஓட்டைப் போட்ட புண்ணியவானை அவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கக் கூடும்!

இன்னொரு விஷயம், பலருக்குத் தெரியாதது: பெண்களுக்கு ஒதுக்கிய வார்டில்தான் பெண்கள் நிற்கலாம் என்பதில்லை. பொது வார்டிலும் தாராளமாக நிற்கலாம். எந்த வார்டு யாருக்கு என்பதைத் தேர்தலுக்குச் சற்று முன்னால் அரசாங்கம் அறிவிக்கும்.

வீட்டுச் சொத்து வரி, தண்ணீர் வரி ரசீதுகளை இப்போதே தேடி எடுத்து வையுங்கள். மாநகராட்சிக்குப் பாக்கி வைத்திருந்தால் மனுவே தள்ளுபடியாகலாம். மாநகராட்சியில் சம்பளம் வாங்குகிறவரும் அதனிடம் காண்டிராக்ட் எடுத்தவரும் நிற்க முடியாது. மனுவோடு பிரமாணப் பத்திரம் ஒன்றும் தரவேண்டும். சொத்து எவ்வளவு, கடன் எவ்வளவு, என்ன படிப்பு, வழக்கு ஏதும் உண்டா என்பதெல்லாம் அதில் இருக்கும். கழுத்துச் சங்கிலியையும் அடகுச் சீட்டையும் ஒளிக்க முடியாது.

டெபாசிட் 2022-ல் மாநகராட்சி வார்டுக்கு 4,000 ரூபாய், நகராட்சிக்கு 2,000, பேரூராட்சிக்கு 1,000. தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் இதில் பாதி. செலவுக்கும் வரம்பு உண்டு. திண்டுக்கல் போன்ற மாநகராட்சியில் அப்போது 85,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது. சுவரொட்டிப் பசையிலிருந்து ஆட்டோ வாடகை வரை கணக்கு எழுதி, முடிவு வந்த 30 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். தோற்றவரும் கொடுக்கத்தான் வேண்டும். பால் கணக்கும் மளிகைக் கணக்கும் எழுதிப் பழகியவர்களுக்கு இது ஒரு பிரமாதமா?

கட்சி நிறுத்தினால் கட்சிச் சின்னம். சுயேச்சையாக நின்றால் கொடுக்கிற பட்டியலிலிருந்து ஒன்றைப் பொறுக்கிக்கொள்ள வேண்டும். சின்னத்தை அலட்சியமாக எண்ணாதீர்கள். 1973-ல் இதே திண்டுக்கல்லில் பார்லிமெண்ட் இடைத்தேர்தல் நடந்தபோது அண்ணா தி.மு.க. பிறந்து வருஷம் ஒன்றுகூட ஆகவில்லை; சொந்தச் சின்னமும் இல்லை. வேட்பாளர் மாயத்தேவர் பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததுதான் இரட்டை இலை. பிறகு அது பெற்ற கீர்த்தி உங்களுக்குத் தெரியும்.

இனி, எல்லாவற்றையும்விடக் கஷ்டமான கட்டத்துக்கு வருகிறேன். அது தேர்தல் ஆபீசில் இல்லை; உங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது.

"நீ நில்லு. கையெழுத்து மட்டும் போடு. மற்றதையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்."

கணவர் அன்பாகத்தான் சொல்வார். அண்ணனோ மைத்துனரோ சொன்னாலும் அன்பாகத்தான் இருக்கும். வார்டு பெண்களுக்கு என்று ஆகிவிட்டது. தான் நிற்க முடியவில்லை. அதனால் வீட்டிலிருந்து ஒரு பெயர் வேண்டியிருக்கிறது. சுவரொட்டியில் உங்கள் படம் சின்னதாகவும் அவர் படம் பெரியதாகவும் இருக்கும். ஜெயித்த பிறகு ஜனங்கள் அவரைத்தான் 'கவுன்சிலர்' என்று கூப்பிடுவார்கள். உங்களைக் 'கவுன்சிலர் வீட்டு அம்மா' என்பார்கள்! தமிழ்நாட்டில் இந்த வேடிக்கையைப் பார்க்காத ஊர் குறைவு. சட்டம் பாதி நாற்காலிகளைப் பெண்களுக்குக் கொடுத்தது, அவற்றின்மேல் துண்டு போட்டு வேறொருவருக்கு இடம் பிடித்து வைப்பதற்காக அல்ல.

கணவர் உதவவே கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாக உதவட்டும். நீங்கள் கூட்டத்துக்குப் போகிற நாளில் குழந்தைக்குச் சோறு போடட்டும். இரவில் வீடு வீடாகப் போகையில் கூட வரட்டும். ஆனால் மன்றக் கூட்டத்தில் பேசுவதும், என்ஜினீயரிடம் போய்க் கேட்பதும், காகிதத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுவதும் நீங்களாக இருக்கவேண்டும். படிக்காமல் போட்ட கையெழுத்துக்கு நாளைக்குப் பதில் சொல்லவேண்டியவர் அவரல்ல, நீங்கள்தான். இதை மனுத் தாக்கலுக்கு முந்தியே கூடத்தில் உட்கார்ந்து பேசி முடித்துவிடுங்கள். மாமியாரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் உங்கள் கட்சிக்கு வந்துவிட்டால் பாதி வெற்றி வீட்டிலேயே ஆயிற்று.

பெயரளவுக்கு நிற்காமல் நிஜமாக நிற்பவருக்கு ஒரு லாபம் உண்டு. 2011 கணக்குப்படி திண்டுக்கல் ஜனத்தொகை 2,07,327. வார்டுகள் 48. சராசரியாக ஒரு வார்டுக்கு நாலாயிரத்து முந்நூறு பேர். ஓட்டர்கள் அதிலும் குறைவு. பேகம்பூரானாலும் நாகல்நகரானாலும் காலால் நடந்தே பார்த்து முடித்துவிடலாம். அதற்கு மேடை வேண்டாம், மைக் வேண்டாம். ஆனால் தேதி அறிவித்த பிறகு புறப்பட்டால் நேரம் போதாது. 2022-ல் மனுக் கொடுக்க ஜனவரி 28 முதல் பிப்ரவரி 4 வரைதான் அவகாசம். 7-ந் தேதி வாபஸ். 17-ந் தேதி மாலையோடு பிரசாரம் ஓய்ந்தது. நடுவே பத்து நாள்! முன்பின் தெரியாத முகத்தைப் பத்து நாளில் யார் நம்புவார்கள்? ஆகவே இப்போதே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். எந்தத் தெருவில் என்ன குறை, எந்தத் தேதியில் மனுக் கொடுத்தீர்கள், என்ன பதில் வந்தது என்று எழுதி வையுங்கள். ஜனங்கள் உங்களைக் கவனிக்க ஆரம்பிப்பது அந்த நோட்டிலிருந்துதான்.

வாக்குறுதி கொடுக்கையில் மட்டும் நிதானம். தண்ணீர்க் குழாய், சாக்கடை, குப்பை, தெருவிளக்கு, தெருச் சாலை, மாநகராட்சிப் பள்ளிக்கூடம் – இவை உங்கள் வேலை. பட்டாவும் ரேஷன் கார்டும் வேறு இலாகா. வீட்டுக்குக் கரண்ட் கொடுப்பது மின்வாரியம். 'எல்லாம் வாங்கித் தருகிறேன்' என்று சொல்லிவிட்டு முழிக்காதீர்கள். உங்கள் காரியத்திலும் தனி ஆளாக உத்தரவு போட முடியாது. தீர்மானம் மன்றத்தில் நிறைவேற வேண்டும். அதைச் செய்து முடிப்பவர் கமிஷனர். பணம் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. ஆத்தூர் காமராஜர் அணையில் தண்ணீர் வற்றினால் கவுன்சிலர் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். மழையைக் கொண்டுவர முடியாது. இருக்கிற தண்ணீர் மேட்டுத் தெருவுக்கும் பள்ளத் தெருவுக்கும் ஒரே மாதிரி வருகிறதா என்று கேட்கலாம் அல்லவா? மோட்டார் வைத்து உறிஞ்சுகிற வீட்டைக் காட்டிக் கொடுக்கலாம் அல்லவா? குழாயடியில் நின்றவளுக்குத்தான் அது தெரியும்.

சம்பளம் உண்டா என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம். 2023 ஜூலையிலிருந்து மாதாந்திர மதிப்பூதியம் கொடுக்கிறார்கள். மாநகராட்சிக் கவுன்சிலருக்கு 10,000 ரூபாய், நகராட்சியில் 5,000, பேரூராட்சியில் 2,500. இதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. ஆனால் ஆட்டோவுக்குக் கணவரிடம் கை நீட்டவேண்டியதில்லை.

இந்தப் பத்திரிகையை மடித்து வைத்ததும் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. வாக்காளர் பட்டியலை வாங்கி உங்கள் பெயரைப் பாருங்கள். கல்யாணமாகி வந்த பெண்கள் பலருக்கு ஓட்டு இன்னும் பிறந்த ஊரிலேயே இருக்கும். சிலருக்குத் தகப்பனார் பெயர், முகவரி, வயது ஏதாவது தப்பாக அச்சாகியிருக்கும். திருத்துவதற்கு மனுக் கொடுத்துவிட்டு, கையோடு உங்கள் தெருவில் யார் யார் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். எதிர்வீட்டு மதினியின் பெயர் இல்லாவிட்டால், இன்று சாயங்காலமே போய்ச் சொல்லுங்கள்.