வாட்டைப் பார்த்து மயங்காதீர்கள்!

ஹோம் தியேட்டர் ரிசீவர் வாங்கப் போனால், அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் கண்ணைப் பறிப்பது வாட் கணக்குதான். 'ஒரு சேனலுக்கு 150 வாட், 7 சேனல்' என்றிருந்தால் உடனே பெருக்கி 1,050 வாட் என்று மனக்கணக்குப் போட்டுவிடுகிறோம். அந்தக் கணக்கு செல்லாது.

காரணம், அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும். '6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10% டிஸ்டார்ஷன், ஒரு சேனல் மட்டும்' என்று போட்டிருந்தால், ஒரே ஒரு சேனலை இயக்கி, ஒலி நன்றாகச் சிதையும்வரை முடுக்கி எடுத்த அளவு அது. ஏழு சேனலும் சேர்ந்து உழைக்கும்போது, ஒரே பவர் சப்ளையை எல்லாம் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அப்போது ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது மிகவும் குறையும்.

இந்த எண் விளையாட்டு புதிதல்ல. டேப்ரிக்கார்டர் காலத்தில் 'பி.எம்.பி.ஓ.' என்று ஆயிரக்கணக்கில் வாட் போட்டு விற்றதை மறந்திருக்க மாட்டோம். அமெரிக்காவில் இதைக் கட்டுப்படுத்த 1974-லேயே விதி வந்தது. 2024-இல் அதை இன்னும் இறுக்கினார்கள்: 8 ஓம், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, டிஸ்டார்ஷன் 1 சதவீதத்துக்குள். இந்த நிபந்தனைகளில், குறைந்தது இரண்டு சேனலை இயக்கி அளந்த எண்ணையே ஒப்பிடுங்கள்.

சரி, நமக்கு எவ்வளவு வாட் வேண்டும்? அதைச் சொல்வது ரிசீவர் அல்ல, ஸ்பீக்கர். அதன் விவரத்தாளில் 'சென்சிடிவிட்டி 88 டெசிபல்' என்றிருந்தால், 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தள்ளி 88 டெசிபல் கேட்கும் என்று பொருள். திறந்த வெளியில் 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் அது சுமார் 78.5 ஆகக் குறையும். அறைக்குள் சுவர்கள் எதிரொலிப்பதால் இழப்பு கொஞ்சம் குறைவு. வெடிச்சத்தம் 95 டெசிபலில் கேட்க வேண்டுமென்றால், ஒரு ஸ்பீக்கருக்கு ஏறத்தாழ 45 வாட் போதும். 105 டெசிபல் கேட்டாலோ 450 வாட் வேண்டும்! வாட்டை இரண்டு மடங்காக்கினால் ஏறுவது வெறும் 3 டெசிபல். 91 டெசிபல் ஸ்பீக்கர் வாங்கினால் அதே பலன், கூடுதல் வாட் இல்லாமலே கிடைத்துவிடுகிறது.

வீட்டிலேயே சோதிக்கலாம். 100 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை மிதமான சத்தத்தில் ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வையுங்கள். முனைகள் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுவிடக் கூடாது. 8 ஓம் ஸ்பீக்கரில் 4 வோல்ட் காட்டினால், 4×4÷8 = ஏறத்தாழ 2 வாட். 100 வாட்டுக்கு 28.3 வோல்ட் வேண்டும். சாதாரணமாகப் படம் பார்க்கையில் செலவாவது சில வாட்தான். மிச்சமெல்லாம் திடீர் வெடிச்சத்தங்களுக்கான கையிருப்பு.

ஓம் விஷயத்திலும் கவனம் தேவை. 4 ஓம் ஸ்பீக்கர் அதிக கரண்ட் இழுக்கும். ரிசீவர் சூடேறித் தானாக அணைந்துவிடலாம். திராணியில்லாத ரிசீவரை முழு வால்யூமில் விரட்டினால் 'கிளிப்பிங்' (ஒலி அலையின் உச்சி வெட்டுப்படுவது) ஏற்பட்டு, முதலில் கருகுவது கீச்சொலிகளைத் தரும் ட்வீட்டர்தான். கனமான பேஸை, சொந்த ஆம்ப் உள்ள சப்வூஃபரிடம் 80 ஹெர்ட்ஸில் பிரித்துக் கொடுத்துவிட்டால் ரிசீவரின் சுமை பாதி குறைந்தது போல.

ஆகவே, முதலில் ஸ்பீக்கரை முடிவு செய்யுங்கள். பிறகு அதற்கேற்ற ரிசீவரைத் தேடுங்கள். 80 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் 1 டெசிபல்தான். காதுக்குத் தெரிவதே கஷ்டம். அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.