வாடைக்கு முந்திய கடல்

தொண்டைமான்கள் ஆண்ட புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குக் கடல் கிடையாது. 1974 ஜனவரியில் திருச்சி, தஞ்சை மாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்துப் புதிய மாவட்டம் உண்டாக்கியபோதுதான் அறந்தாங்கிச் சீமையோடு கடற்கரையும் வந்து சேர்ந்தது. ஏறத்தாழ 40 கிலோமீட்டர். வடக்கே கட்டுமாவடியில் தொடங்கி மணமேல்குடி, அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், கோபாலப்பட்டினம் என்று இறங்கி மீமிசலுக்குத் தெற்கே முடிகிறது. மாவட்டத் தலைநகரில் இருப்பவர்களுக்கு இந்தக் கரை இன்றும் கொஞ்சம் தூரத்துச் சொந்தம்தான்.

இந்தக் கரை செய்தியில் வருவதெல்லாம் பெரும்பாலும் இலங்கைக் கடற்படை விசைப்படகைப் பிடித்த அன்றுதான். 2021 அக்டோபரில் கோட்டைப்பட்டினத்துப் படகு ஒன்று கடற்படைக் கப்பலோடு ஏற்பட்ட மோதலில் மூழ்கி, ஒரு மீனவர் உயிரிழந்தார். அந்தத் துயரம் பெரிது. அதைப் பற்றி எழுதுபவர்களும் உண்டு. எல்லைப் பக்கமே போகாமல், கரையிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில் வலை விடும் நாட்டுப்படகுக்காரர்களைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு. அவர்களுக்கு ஆண்டின் முக்கியமான நாட்கள் புரட்டாசியும் ஐப்பசியின் முன்பாதியும்.

காரணம் காற்று. சித்திரை, வைகாசியிலிருந்து வீசிய சோழகம் என்னும் தென்காற்று ஆவணி கடந்ததும் தளரும். வடகிழக்கிலிருந்து வாடை எழ இன்னும் நாள் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் காற்று நிலையில்லாமல் திரும்பும். பல நாள் கடல் குளம்போலக் கிடக்கும். பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். பெரும்பகுதியில் 15 மீட்டரைத் தாண்டாது. கரையோரத்தில் வெகுதூரம் நடந்தே போகலாம். அதனால் சின்னக் காற்றுக்கும் அடிச்சேறு கிளம்பிவிடும். காற்று ஓய்ந்தால் தெளிவதும் விரைவு. வலை போடுகிறவர் முந்தின இரவுக் காற்றைப் பார்த்துத்தான் மறுநாள் எந்த வலையை எடுப்பது என்று முடிவு செய்கிறார். கலங்கல் என்றால் இறால் வலை. மீனின் கண்ணுக்கு வலை தெரியாது என்பது ஒன்று. அடியில் புதைந்து கிடக்கும் இறால் கிளம்பி வருவது இன்னொன்று.

நண்டு வலையின் வேலை வேறு மாதிரி. மாலையில் தரையோடு படியும்படி விட்டுவிட்டு, விடியலில் போய் இழுப்பார்கள். சிக்கிய நண்டை வலையிலிருந்து கழற்றுவது பிடிப்பதைவிடப் பொறுமை கேட்கும் வேலை. கால் ஒடிந்தால் விலை போச்சு. கரையில் வீடே உட்கார்ந்து கழற்றும், பெரும்பாலும் பெண்கள். இங்கே அகப்படும் நீல நண்டில் ஆணுக்குத்தான் அந்த நீலம். பெண் மங்கிய பழுப்பு. சதை பிரித்து டப்பாவில் அடைத்து அமெரிக்கா வரை போகும் சரக்கு இது. உள்ளூரில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஏற்றுமதியில் கழித்துவிட்டதுதான் என்பது என் நெடுநாள் சந்தேகம்.

முதல் மழை விழுந்து வெள்ளாற்றிலும் மற்றக் காட்டாறுகளிலும் தண்ணீர் ஓடி வந்தால் முகத்துவாரம் உடையும். வெள்ளை இறால் கடலில் பொரித்து, குஞ்சாக உப்பங்கழிக்குள் வந்து வளர்ந்து, திரும்பக் கடலுக்குப் போகிற பிராணி. புதுத்தண்ணீர் அதை வெளியே தள்ளுகிறது. பின்னாலேயே மடவையும், மடவையைத் தின்னக் கொடுவாவும் வரும். கொடுவா ஆணாக வளர்ந்து, பெருத்த பிறகு பெண்ணாக மாறும் மீன். பெரிய கொடுவா பெரும்பாலும் பெண்தான். இதே கரையில் உள்ள முத்துக்குடாவின் அலையாத்திக் காட்டுக்குப் படகுச் சவாரிக்குப் போகிறவர்கள், அந்த வேர்களுக்கு இடையில் வளர்வது இந்தக் கூட்டம்தான் என்பதை நினைவில் வைக்கலாம். கடலுக்குள் இதே வேலையைச் செய்வது கடற்புல். ஓரா மேய்வதும் நண்டு ஒளிவதும் அங்கேதான். 2022 செப்டம்பரில் தஞ்சை, புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை அரசு கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. கடற்பசுவை, இங்குள்ளவர்கள் சொல்லும் ஆவுரியாவை, காப்பது என்றால் அது தின்னும் புல்லைக் காப்பது.

அந்தப் புல்லைச் சுரண்டுவது இழுவை மடி. 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி கரையோரக் கடலில் விசைப்படகுக்கு இடமில்லை. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்ற ஏற்பாடும் இந்தக் கடலில் உண்டு. ஏட்டில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

சந்தையில் ஒரு வேடிக்கை. மீன் நன்றாகப் படும் புரட்டாசியில்தான் பாதித் தமிழ்நாடு மீனைத் தொடாது. கார்த்திகை பிறந்தால் மாலை போட்டவர்கள் விலகுவார்கள். முஸ்லிம்கள் நிறைந்த பட்டினங்கள் என்பதால் உள்ளூரில் அந்தச் சுணக்கம் அவ்வளவு தெரியாது. வெளியூர் வண்டிக்குப் போகும் சரக்கில்தான் விலை இறங்கும்.

பிறகு வாடை. ஐப்பசி முற்றும்போது சிறுபடகு கடலில் இறங்க முடியாத நாட்கள் கூடிக்கொண்டே போகும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் அடித்தபோது இந்தக் கரையில் கடலுக்குப் போகாமல் கட்டிக்கிடந்த படகுகளே நொறுங்கின.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை விசைப்படகுக்கானது. அதற்கான நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக்குவதாக 2023இல் அறிவித்தார்கள். நாட்டுப்படகுக்காரருக்கு உண்மையான தடைக்காலம் வாடை போடுவது. அந்த மாதங்களுக்கென்று தனி நிவாரணம் உண்டு. மீனவர் 1,500 ரூபாய் சேமித்தால் மத்திய, மாநில அரசுகள் 3,000 சேர்த்து 4,500 ஆகத் தரும் திட்டமும் உண்டு. அந்தப் பணம் மழை விட்டபின் வந்து பயனில்லை. தீபாவளிக்கு முன்னால் கைக்கு வரவேண்டும். புரட்டாசி, ஐப்பசியில் மீன்வளத்துறையின் ரோந்து அந்தக் கரையோரக் கடலில் தெரிய வேண்டும். வாங்குகிறவர்களுக்கும் ஒன்று: வயிற்று மடிப்பில் முட்டை ஒட்டியிருக்கும் சினை நண்டை விலை குறைவு என்று வாங்காதீர்கள். ஒரு நண்டில் லட்சக்கணக்கில் முட்டை இருக்கும்.