ஆண்டறியா முதுமை: பேராக் தோட்டத்து முதியோரும் செமாய் முதியோரும் எதிர்கொள்ளும் நினைவாற்றல் சோதனை

முதுமையில் நினைவாற்றல் குன்றுவதை அளந்தறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் வினாநிரல்கள் மொழியையும் பண்பாட்டையும் சார்ந்தவை. வினா எம்மொழியில், எவ்வறிவை முன்னிறுத்திக் கேட்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே விடை அமைகிறது. எனவே இதனை மருத்துவத் துறையினர்க்கு மட்டும் உரிய பொருளாகக் கருதிவிட இயலாது. பேராக்கின் பழைய இரப்பர்த் தோட்டங்களிலிருந்து ஈப்போவிற்கும் சுங்கை சிப்புட்டிற்கும் குடிபெயர்ந்த தமிழ் முதியோரையும், அதே மாநிலத்தின் பூர்வகுடியினராகிய செமாய் முதியோரையும் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வோம்.

1975இல் அமெரிக்காவில் ஃபோல்ஸ்டீன் முதலியோர் வெளியிட்ட 30 புள்ளிச் சோதனை உலகெங்கும் பரவியது. ஆண்டும் தேதியும் கூறுதல், 100இலிருந்து ஏழேழாகக் கழித்தல், ஒரு வாக்கியம் எழுதுதல் ஆகியன அதில் அடங்கும். தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியை விட்டு நின்ற தோட்டத்துப் பெண்மணி இவற்றில் இழக்கும் புள்ளிகள் மறதியால் இழந்தவை அல்ல. வளரும் நாடுகளின் முதியோருக்கென குவா, கோ ஆகிய இருவரும் 1992இல் வெளியிட்ட பத்து வினாச் சோதனை எழுத்தறிவைக் கோருவதில்லை. அவ்வகையில் அது பெரும் முன்னேற்றமே. எனினும் அதிலும் பிறந்த நாளையோ ஆண்டையோ கேட்கும் வினா உண்டு.

இங்குதான் சிக்கல் எழுகிறது. தோட்டத்து முதியோர் பலர் காலத்தை எண்ணால் அன்றி நிகழ்ச்சியால் அளப்பவர்கள். பிறந்த ஆண்டைக் கேட்டால், "வேலிக்குள்ள இருந்தப்போ நான் கைக்குழந்தையாம்" என்பர். கேட்பவர் வரலாறு அறிந்தவராயின் இது துல்லியமான விடையாகும். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் ஐரோப்பியத் தோட்ட மேலாளர் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960 வரை நீடித்தது. அந்நாள்களில் தோட்டத்து லயங்கள் ஓரிடத்தில் திரட்டப்பட்டு முள்வேலியிடப்பட்டன. 'வேலி' எனும் ஒரு சொல் ஏறத்தாழ ஓர் ஆண்டு எண்ணின் பணியைச் செய்கிறது. 'தோட்டத் துண்டாடல்' என்பதும் அத்தகையதே. தாதியின் படிவத்திலோ இவ்விடைக்குச் சுழியம்தான் விழும்.

அவ்வேலி தமிழர்க்கு மட்டும் உரியதன்று. அவசரகாலத்தில் செமாய், தெமியார் மக்களும் காட்டிலிருந்து முகாம்களுக்குப் பெயர்த்துக் கொண்டுவரப்பட்டனர். நோயுற்றும் மனமுடைந்தும் பலர் மாண்டனர். ஆகவே தோட்டத்துத் தமிழ் மூதாட்டியும் மலையடிவாரச் செமாய் மூதாட்டியும் ஒரே நிகழ்ச்சியைக் கொண்டு தம் வயதைக் கணக்கிடக்கூடும். செமாய் முதியோர்க்கு மற்றுமோர் இடர் உண்டு. அந்நியரிடம் அச்சம் கொள்ளப் பிள்ளைகளைப் பழக்கும் வழக்கத்தை 1968இல் வெளிவந்த தம் நூலில் இராபர்ட் டென்டன் விளக்கியுள்ளார். அடிமை பிடிப்போரால் துரத்தப்பட்ட ஓர் இனத்திற்கு அவ்வச்சம் தற்காப்பாகும். மலாய் மொழியில் விரைந்து வினவும் புதியவர் முன் அவர் காக்கும் அமைதியை அறியாமை எனக் கொள்வது பிழை.

பிற நாடுகளில் இதற்கு வழி கண்டுள்ளனர். இந்தியாவில் அரியானா மாநிலத்துப் பல்லப்கட் சிற்றூர் முதியோருக்கென 1995இல் வெளியான இந்திச் சோதனையில் ஏழேழாகக் கழித்தல் நீக்கப்பட்டு, 20இலிருந்து மும்மூன்றாகக் கழித்தல் இடம்பெற்றது. மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி வட்டாரப் பூர்வகுடியினருக்காக 2006இல் வெளியான சோதனை இன்னும் ஒரு படி மேலே சென்றது. அங்கு தேதி கேட்கப்படுவதில்லை. இது ஓய்வூதியம் வரும் வாரமா என்றே கேட்கின்றனர். நினைவிற் கொள்ளத் தரும் பொருள்கள் சீப்பு, தகரக் குவளை, தீப்பெட்டி. எம் கருத்தில் இதனினும் சிறந்த முன்மாதிரி இல்லை. தகரக் குவளை இருக்கும் இடத்தில் நம் தோட்டத்துப் பால் மங்கை வைத்துப் பார்க்கலாம்.

தவறான அளவீட்டால் இரு வகைக் கேடுகள் விளைகின்றன. நலமாக உள்ளவர் மறதிநோயாளர் எனக் குறிக்கப்பட்டால், வீடு, சேமிப்பு, சிகிச்சை குறித்து அவர் சொல் வீட்டிலேயே செல்லாமற் போகும். மறுபுறம், நோய் உண்மையிலேயே தொடங்கியிருப்பினும் 'வயசாச்சு' என்று விட்டுவிடுவோர் பலர். 1911இல் தஞ்சோங் ரம்புத்தானில் மனநல மருத்துவமனை எழுந்த நாள்முதல் அவ்வூர்ப் பெயரே நம்மிடையே வசைச்சொல்லாகிவிட்டது. 'அங்கே அனுப்பிவிடுவார்கள்' எனும் அச்சமும் குடும்பத்தாரைத் தடுக்கிறது. மலேசியாவின் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம், நீண்டகாலக் குறைபாடு பிற தடைகளோடு சேரும்போது சமூகப் பங்கேற்பு தடைப்படுவதையே கருத்திற் கொள்கிறது. புரியாத மொழியில் அமைந்த வினாவும் அத்தகைய தடையே என்பது எம் துணிபு. பேத்தியை மொழிபெயர்க்கச் சொல்வதும் தீர்வாகாது. பாட்டியின் மீதுள்ள அன்பினால் அவள் விடையையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்துவிடுவாள்.

தமிழாசிரியர்கள் இதில் செய்யக்கூடியது சிறிதன்று. மக்கட்தொகை ஆய்வாளர் பயன்படுத்தும் நிகழ்ச்சி நாள்காட்டி முறையைப் பின்பற்றி, தம் பள்ளி சார்ந்த தோட்டத்தின் காலவரிசையைத் தொகுக்கலாம். பால் மரம் அழித்துச் செம்பனை நட்ட ஆண்டு, கோயில் குடமுழுக்கு நடந்த ஆண்டு, தோட்டம் கைமாறிய ஆண்டு, லயம் இடிக்கப்பட்ட ஆண்டு ஆகியவற்றை மாணவரைக் கொண்டே கேட்டெழுதச் செய்யலாம். இரண்டு பக்க அளவிலான அப்பட்டியல், மலாய் மொழிபெயர்ப்புடன் அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் இருப்பின், 'வேலிக்குள் இருந்தபோது' எனும் விடைக்குத் தாதி புள்ளி இடக்கூடும். செமாய் நாள்காட்டியைத் தொகுப்போர் செமாய் ஆசிரியர்களாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் இருத்தல் வேண்டும். பழப் பருவங்களையும் முகாம் நாள்களையும் அவர்களே வரிசைப்படுத்த வல்லவர்கள்.