கோட்டையடுப்பு மூட்டுவதிலிருந்து: ஃபிரீபிஎஸ்டி எப்படி எழுகிறது?

ஃபிரீபிஎஸ்டி நிர்வாகம் கற்க வருபவர்கள் அதன் இலவசக் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கி, பாதியில் களைத்துவிடுகிறார்கள். பெர்க்லி பல்கலைக்கழக யூனிக்ஸின் வழிவந்து 1993இல் முதல் பதிப்பு கண்ட இயங்குதளம் இது. இயந்திரம் எழும் விதத்தைச் சொல்லும் அத்தியாயம்தான் இதற்குச் சரியான வாசல் என்பது என் கருத்து. அது பிடிபட்டால் மற்றவை எங்கே பொருந்தும் என்பது தெரிந்துவிடும்.

கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டுக்குள் போவோம். விடியுமுன் வந்து கதவைத் திறப்பவர் லோடர். வழக்கமாகப் பத்து விநாடி காத்திருப்பார். யாரும் குறுக்கிடாவிட்டால் கெர்னலை நினைவகத்தில் ஏற்றிவிட்டு ஒதுங்கிவிடுவார். அடுப்பு எத்தனை, அண்டா எத்தனை என்று கெர்னல் எண்ணுகிறது. திரையில் விறுவிறுவென ஓடும் வரிகள் அந்தக் கணக்கெடுப்புதான். அது முடிந்ததும் தலைமைச் சமையல்காரர் வருகிறார்: இனிட், செயல்முறை எண் 1. அவர் ஆர்சி என்ற ஸ்கிரிப்டை இயக்குகிறார்.

இந்த இடத்தில் நிதானமாக நிற்க வேண்டும். சாம்பாருக்கு வெந்த பருப்பும் கரைத்த புளியும் வேண்டும். பருப்பு வேக உலை கொதித்திருக்க வேண்டும். ஒவ்வொரு சேவையின் ஸ்கிரிப்டும் அதேபோல, தான் எதைத் தருகிறது, தனக்கு முன்னால் எது தயாராக வேண்டும் என்று தன் தலைப்பிலேயே எழுதி வைத்திருக்கிறது. முழு வரிசையை யாரும் கையால் எழுதுவதில்லை. ஆர்சிஆர்டர் என்ற கருவி அந்தத் தலைப்புகளைப் படித்து வரிசையை அமைக்கிறது. நெட்வொர்க் எழுந்த பிறகே எஸ்எஸ்எச் சேவை எழுவது இப்படித்தான். திறந்த மூலத்தின் பயன் இங்கே கைக்கு எட்டுகிறது: இவை வெறும் ஷெல் ஸ்கிரிப்டுகள். கையேடு சொல்வதைத் திறந்து சரிபார்த்துக்கொள்ளலாம்.

இன்றைக்கு என்னென்ன பதார்த்தம்? மண்டபத்தின் வழக்கமான பட்டியல் டிஃபால்ட்ஸ் கோப்புறையில் இருக்கிறது. அதில் கை வைக்கக் கூடாது. அடுத்த மேம்படுத்தலில் மாறிவிடும். கல்யாண வீட்டார் தரும் சீட்டுதான் எட்சி கோப்புறையிலுள்ள ஆர்சி.கான்ஃப். இரண்டும் முரண்பட்டால் சீட்டு சொல்வதே நடக்கும். பட்டியலோ சீட்டோ இயக்கச் சொல்லாத சேவையைச் சர்வீஸ் கட்டளையால் கிளப்பினால் மறுப்புதான் வரும். இந்த ஒரு முறை மட்டும் போதுமென்றால் ஒன்ஸ்டார்ட் என்று கேட்கச் சொல்லி அந்தச் செய்தியே வழிகாட்டும்.

வாடகைக்கு எடுத்த பாத்திரம் மண்டபத்துப் பாத்திரத்தோடு கலப்பதில்லை. பிறகு நிறுவும் பொதிகள் லோக்கல் என்ற தனிக் கிளைக்குள் போகின்றன, அவற்றின் அமைப்புக் கோப்புகளும் அங்கேதான். லினக்ஸிலிருந்து வருபவர்கள் எஞ்சின்எக்ஸின் அமைப்பை எட்சியில் தேடித் திண்டாடுவது இதனால்தான்.

சீட்டில் ஒரு மேற்கோள்குறியை மூடாமல் விட்டாலும் எழுச்சி பாதியில் நிற்கலாம். லோடர் காத்திருக்கும்போது தனிப்பயனர் நிலையைத் தேர்ந்தெடுங்கள். பரிமாறுபவர் யாரும் வரமாட்டார்கள். தலைமைச் சமையல்காரரும் நீங்களும் மட்டும் இருப்பீர்கள். மூலக் கோப்பமைப்பு அப்போது படிக்க மட்டுமே திறந்திருக்கும். அதை எழுதத்தக்கதாக மாற்றி, குறியை மூடி, வெளியேறினால் வழக்கமான எழுச்சி தொடரும். ஒரு மெய்நிகர் இயந்திரத்தில் இந்தப் பிழையை வேண்டுமென்றே செய்து, கையேட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துச் சரிசெய்து பாருங்கள்.