பெயின் கிளினிக்கில் எதை எதிர்பார்க்கலாம்?

பெயின் கிளினிக்கின் படியேறுகிறவர்கள் பெரும்பாலும் வேறு எல்லாப் படிகளையும் ஏறி இறங்கியவர்கள். எலும்பு டாக்டர், நரம்பு டாக்டர், வர்மம், எண்ணெய்த் தடவல், இடுப்புப் பெல்ட் எல்லாம் பார்த்தாகிவிட்டது. 'ஒரே ஊசியில் சரியாகிவிடுமாம்' என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஸ்கேன் கவர்களைக் கட்டாகத் தூக்கிக்கொண்டு கடைசியாக இங்கே வருகிறார்கள். அந்த நம்பிக்கையை வளர்த்ததில் விளம்பரப் பலகைகளுக்கும் பங்குண்டு. வருடக்கணக்கில் இருக்கும் வலியை ஒரே நாளில் துடைத்துவிட முடியும் என்று நினைத்துப் போகிறவர் ஏமாறவே வாய்ப்பு அதிகம். வலி பத்துக்கு எத்தனை குறைந்தது என்பதோடு நிற்காமல், வலியால் நின்றுபோன வேலைகளில் எவையெவை திரும்பின என்று கணக்குப் பார்க்கிற கிளினிக்தான் நல்ல கிளினிக் என்பது என் வாதம். நோயாளியைத் தேற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஆய்வுகள் அந்தப் பக்கம்தான் கை காட்டுகின்றன.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும், அல்லது திரும்பத் திரும்ப வரும் வலியை நாள்பட்ட வலி என்கிறார்கள். 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் அதற்குத் தனி இடம் கொடுத்திருக்கிறது. வேறொரு நோயின் அறிகுறியாக மட்டும் இல்லாமல், வலியே நோயாகவும் இருக்கலாம் என்பதை அந்தப் பட்டியல் ஏற்கிறது. அடிபட்ட இடம் ஆறிய பிறகும் முதுகுத்தண்டிலும் மூளையிலும் உள்ள நரம்புகள் வலிச் செய்தியைக் கடத்துவதில் பழகிப்போகின்றன. வண்டி போகப்போகத் தடம் ஆழமாவது போல, சிறிய தூண்டலுக்கும் பெரிய வலி கிளம்புகிறது. தூக்கமின்மை, கவலை, நடமாட்டம் குறைந்து தசை தளர்வது ஆகியவை அதை இன்னும் கூட்டுகின்றன. இப்படிப்பட்ட வலிக்கு ஸ்கேனில் மட்டும் காரணம் தேடினால் தவறான பதில் கிடைக்கும். முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், இருபது வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. எண்பது வயதில் அது 96 சதவீதம். டிஸ்க் பிதுக்கம் இருபது வயதிலேயே 30 சதவீதம் பேருக்கு இருந்தது. ஆகவே ரிப்போர்ட்டில் 'டிஸ்க் பல்ஜ்' என்று எழுதியிருப்பதால் மட்டும் அதுதான் குற்றவாளி என்று முடிவுகட்ட முடியாது.

பெயின் கிளினிக் என்ற ஏற்பாடே இந்தச் சிக்கலிலிருந்து பிறந்ததுதான். இத்தாலியில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஜான் பொனிகா, மல்யுத்தம் செய்து சம்பாதித்த காசில் மருத்துவம் படித்தவர். முகமூடி அணிந்துகூட மேடை ஏறியவர். மயக்கவியல் மருத்துவரான அவர், இரண்டாம் உலகப்போரின்போது ராணுவ மருத்துவமனையில் காயம்பட்ட வீரர்களைப் பார்த்தார். நரம்பை மரக்கச்செய்யும் ஊசியில் கைதேர்ந்திருந்தும் சிலருடைய வலி மட்டும் ஏன் விலகவில்லை என்று அவருக்குப் புரியவில்லை. அதனால் பல துறை மருத்துவர்களைச் சேர்ந்து உட்கார்ந்து அந்த நோயாளிகளைப் பற்றிப் பேசவைத்தார். 1953இல் வலி சிகிச்சை பற்றிய பெரிய நூலை எழுதினார். 1960களில் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பல துறையினர் கூடி நடத்தும் கிளினிக்கை நிலைநிறுத்தினார். மல்யுத்தக் காயங்களால் அவருக்கே ஆயுள் முழுக்க வலி இருந்தது. ஊசி போடத் தெரிந்தவரே ஊசி மட்டும் போதாது என்று சொன்னதால்தான் அவர் பேச்சுக்கு எடை இருந்தது.

எனவே முதல் நாளில் நீங்கள் எதிர்பார்க்க வேண்டியது நீண்ட விசாரணை. வலி எங்கே, எரிகிறதா, குத்துகிறதா, எந்த நேரத்தில் கூடுகிறது என்பதோடு தூக்கம், மனநிலை, வேலை, வீட்டு நிலவரம் வரை கேட்பார்கள். காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, கால் பலமிழப்பு, சிறுநீர் மலம் அடக்க முடியாமை போன்றவை இருந்தால் கதையே வேறு. அங்கே காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மருந்தைப் பொறுத்தவரை, குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின், அல்லது டுலாக்செட்டின் எழுதித் தருவார்கள். மருந்துக் கடையில் 'இது மனச்சோர்வு மாத்திரை' என்று சொல்லக் கேட்டு, அதைத் தொடாமலே தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. நரம்பில் வலிச் செய்தியை அடக்கும் வேலையும் அந்த மாத்திரைகளுக்கு உண்டு. உங்களைப் பைத்தியம் என்று யாரும் முடிவு செய்துவிடவில்லை. அதேசமயம் மருந்தின் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். பரவலாக எழுதப்படும் பிரீகாபலினை நரம்புவலிக்காரர்கள் எட்டுப் பேருக்குக் கொடுத்தால், மருந்தாலேயே வலி பாதியாகக் குறைகிறவர் சுமார் ஒருவர்தான். தலைசுற்றலும் தூக்கக் கலக்கமும் அதைவிட எளிதாக வரும்.

அபினைப் போல வேலை செய்யும் ஓபியாய்டு வகை வலிமாத்திரைகள் மீது வைத்த நம்பிக்கை அமெரிக்காவில் எப்படி முடிந்தது என்பது ஊரறிந்த கதை. 1996இல் சந்தைக்கு வந்த ஆக்ஸிகான்டின் மாத்திரையை உற்பத்தி செய்த நிறுவனம், அதன் அடிமைப்படுத்தும் தன்மையைக் குறைத்துக் காட்டியதாக 2007இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. முதுகுவலியோ மூட்டுவலியோ நாள்பட இருந்த 240 பேரை ஓராண்டு பின்தொடர்ந்து 2018இல் வெளியான ஆய்வில், ஓபியாய்டு எடுத்தவர்களின் அன்றாட நடமாட்டம் சாதாரண வலிமாத்திரைக்காரர்களைவிட மேம்படவே இல்லை, பக்கவிளைவுதான் கூடியிருந்தது. இந்தியாவிலும் 2018இல் டிராமடால் என்ற ஓபியாய்டு போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது. புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் கொடுப்பது வேறு விஷயம். அங்கே அது கிடைக்காமல் போவதுதான் கொடுமை.

இனி ஊசிக்கு வருவோம். முகத்தில் மின்னல் வெட்டுவது போல வரும் முக்கிளை நரம்பு வலியில் மாத்திரை பலிக்காதபோது ஊசி வழியே நரம்பைச் சூட்டால் மரக்கச்செய்யும் முறை பலருக்கு நிம்மதி தந்திருக்கிறது. டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்திக் காலுக்கு வலி பரவும்போது, ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைக் குறைக்கலாம். ஆனால் முதுகோடு நிற்கும் பொதுவான வலிக்கு அப்படிச் சொல்ல முடியாது. நெதர்லாந்தின் பெயின் கிளினிக்குகளில் 681 பேரிடம் நடந்து 2017இல் வெளியான சோதனைகளில், எல்லோருக்கும் உடற்பயிற்சி கொடுத்து, பாதிப் பேருக்கு மட்டும் நரம்பைச் சூடாக்கும் சிகிச்சையும் கொடுத்தார்கள். கூடுதல் பலன் என்று பொருட்படுத்தத்தக்க அளவு எதுவும் தெரியவில்லை. நோயாளித் தேர்வும் ஊசி போட்ட முறையும் சரியில்லை என்று இத்துறை மருத்துவர்கள் மறுத்தார்கள். அந்த மறுப்பில் கொஞ்சம் நியாயமும் உண்டு. ஆனால் 2025இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழ் வெளியிட்ட வழிகாட்டுதல், நாள்பட்ட முதுகெலும்பு வலிக்கு இத்தகைய ஊசிகளை வழக்கமாகப் போட வேண்டாம் என்றே சொல்கிறது. 'பக்கத்து வீட்டுக்காரருக்குச் சரியானதே' என்று கேட்கலாம். முதுகுவலி ஏறுவதும் தானே இறங்குவதும் அதன் இயல்பு. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஊசிக்குப் போகிறோம் என்பதால், இறங்கியதற்கான பெருமை முழுவதும் ஊசிக்குப் போய்விடுகிறது.

அப்படியானால் எது பலிக்கிறது? நாள்பட்ட முதுகுவலிக்கு உடற்பயிற்சியோடு மனப்பயிற்சி, வேலைக்குத் திரும்பும் திட்டம் போன்றவற்றில் ஒன்றையாவது சேர்த்துத் தரும் சிகிச்சை பற்றிய 41 சோதனைகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுக்கும் காக்ரேன் அமைப்பு 2014இல் தொகுத்துப் பார்த்தது. வழக்கமான சிகிச்சையைவிட இதில் வலியும் இயலாமையும் குறைந்திருந்தன. உடலுக்கான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட, வேலைக்குத் திரும்பும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாக இருந்தது. வலி குறைந்த அளவு பிரமாதமாக ஒன்றும் இல்லை. அதை மறைக்கக் கூடாது. ஆனால் அந்தச் சிறு குறைவோடு ஒருவர் மறுபடி கடை திறக்கிறார், பேருந்தில் நின்றுகொண்டு போகிறார் என்றால் அதை லாபம் என்றுதான் சொல்ல வேண்டும்.

இதற்கு வரும் எதிர்ப்புகளில் கோபமானது, 'மனப்பயிற்சி என்றால் என் வலி பொய் என்கிறீர்களா?' என்பது. இல்லை. வலி எந்தக் காரணத்தால் வந்தாலும் அதை உணர்வது மூளைதான்; 'அசைந்தால் முதுகு உடைந்துவிடும்' என்ற பயமும் அங்கேதான் குடியிருக்கிறது. அந்தப் பயம் குறைந்தால்தான் நடமாட்டம் கூடும். இன்னொரு எதிர்ப்பு நியாயமானது: இப்படிப் பல துறையினர் கூடும் கிளினிக் நம் ஊரில் எங்கே இருக்கிறது? பெரிய மருத்துவமனைகளை விட்டால் குறைவுதான். நம் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் மருத்துவமனையில் செய்யும் சிகிச்சைக்குப் பணம் தருகிறது. வாரம் இருமுறை பிசியோதெரபிக்கோ மனநல ஆலோசனைக்கோ தருவதில்லை. எதற்குக் காசு வருகிறதோ அது பெருகுகிறது. அமெரிக்காவிலும் பொனிகா வழிக் கிளினிக்குகள் தேய்ந்து ஊசிக் கிளினிக்குகள் பெருகியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆனால் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஒரு மருத்துவர், ஒரு பிசியோதெரபிஸ்ட், தேவைப்பட்டால் ஒரு மனநல ஆலோசகர் மூவரும் ஒரே திட்டத்தில் பேசிக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. அரசு மருத்துவமனைகளிலும் அது கிடைக்கிறது.

ஆகவே கிளினிக்குக்குப் போகும்போது, மூன்று மாதத்தில் எந்த வேலையைத் திரும்பச் செய்ய விரும்புகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ஊசி போடலாம் என்றால் சில கேள்விகளைக் கேளுங்கள்: எந்த நரம்புக்கு, என் வலிக்கு அதுதான் காரணம் என்று எப்படித் தெரிந்தது, பலன் எத்தனை நாள் நிற்கும், அந்த நாட்களில் நான் என்ன பயிற்சி செய்ய வேண்டும்? இவற்றுக்குப் பொறுமையாகப் பதில் சொல்கிற மருத்துவரிடம் தாராளமாகச் சிகிச்சை எடுத்துக்கொள்ளுங்கள். பதில் சொல்ல நேரமில்லை என்றால், அன்று ஊசி போட்டுக்கொள்ளாமல் எழுந்து வந்துவிடுங்கள்.